வரப்பு எலியும் கரிச்சானும்

அது ஒரு நெல் வயல். வரப்பில் ஒரு வளை இருக்கிறது. அதற்குள் எலி வாழ்கிறது. பக்கத்துக் கம்பியில் ஒரு கருப்புக் குருவி உட்கார்ந்திருக்கிறது. அதன் வால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அதுதான் கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே வயலில் பிழைக்கின்றன. ஆனால் விவசாயிக்கு இரண்டும் ஒன்றா?

எலி

எலி ஒரு கொறிக்கும் விலங்கு. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும். கொறித்தால்தான் அவை தேயும். எலி இரவில் வெளியே வரும். பயிரின் தண்டை வெட்டும். கதிரை அறுத்து வளையில் சேர்க்கும். வளையால் வரப்பு ஓட்டையாகும். தண்ணீர் வீணாகும்.

எலி குட்டி போட்டுப் பால் கொடுக்கும். சினைக்காலம் சுமார் மூன்று வாரம்தான். ஒரு ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள்கூடப் பிறக்கும். எலியின் சிறுநீர் வயல் தண்ணீரில் கலக்கும். காலில் புண் இருந்தால் அதன் வழியாகக் கிருமி உடம்புக்குள் போகும். எலிக்காய்ச்சல் வரும்.

கரிச்சான்

கரிச்சான் பகலில் இரை தேடும். வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, புழு, வண்டு ஆகியவற்றைத் தின்னும். சில நேரம் தேனீயையும் பிடிக்கும். ஆனாலும் அதனால் நன்மையே அதிகம். அது மரக்கிளையில் கூடு கட்டி, மூன்று நான்கு முட்டை இடும். காகமும் பருந்தும் கூட்டருகே வந்தால் துரத்தி அடிக்கும். அதனால் இந்தியில் அதைக் கோத்வால் என்பார்கள். காவல் அதிகாரி என்று பொருள்.

என்ன செய்யலாம்?

நீளக் குச்சியின் உச்சியில் குறுக்குக் குச்சி கட்டி வயலில் நடலாம். அது பயிரைவிட ஓரடி உயரமாக இருக்கட்டும். பகலில் அதில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். இரவில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். கதிரில் பால் பிடித்ததும் குச்சியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிகள் வந்து உட்காரும்.

வரப்பைச் சிறிதாக, புல் இல்லாமல் வைக்க வேண்டும். எலிக்குக் கிட்டி வைக்கலாம். ஒருவர் மட்டும் பிடித்தால் பக்கத்து வயல் எலி வந்துவிடும். ஊரே சேர்ந்து பிடிக்க வேண்டும். விஷம் வைத்தால், செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் ஆபத்து. பூச்சிமருந்தைக் கண்டபடி தெளித்தால் கரிச்சானுக்கு இரை இருக்காது.

பகைவன் யார், நண்பன் யார் என்று தெரிந்தால் விளைச்சல் வீடு வந்து சேரும்.

விடை எழுதுங்கள்

1. எலி ஏன் கொறித்துக்கொண்டே இருக்கிறது?
2. கரிச்சானுக்குக் கோத்வால் என்ற பெயர் ஏன் வந்தது?
3. குச்சியை எப்போது எடுக்க வேண்டும்?