பொழுதும் பின்னணியும்: கணினிவழிப் பின்னணி ஓவியத்தில் முதற்பொருள்

ஆய்வுச் சுருக்கம்

அசைவூட்டப் படங்களுக்குக் கணினியில் பின்னணி வரையும்போது பெரும்பாலும் நிலம் முதலிலும் பொழுது இறுதியிலும் தீட்டப்படுகின்றன. தொல்காப்பியமோ நிலத்தையும் பொழுதையும் ஒருசேர முதற்பொருள் என வைக்கிறது. இவ்வேறுபாட்டால் காட்சியில் நேரும் பிழைகளை, மேல்பட்டாம்பாக்கம் முதல் கடலூர்க் கரை வரையிலான நிலப்பரப்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பொழுதை முதலில் வரையறுக்கும் வரைமுறையையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பின்னணி ஓவியம், முதற்பொருள், சிறுபொழுது, கருப்பொருள், மருதம், நெய்தல்.

முன்னுரை

அசைவூட்டப் படத்தில் பாத்திரங்கள் இயங்குவன. அவை இயங்குவதற்குரிய களமாக அமையும் ஓவியமே பின்னணி. விண்சர் மெக்கே 1914இல் வெளியிட்ட 'கெர்ட்டி' படத்தில் பின்னணிக்கெனத் தனி ஓவியம் இல்லை. பாத்திரத்தோடு பாறையும் நீர்நிலையும் ஒவ்வொரு தாளிலும் மீண்டும் வரையப்பட்டன. அதே ஆண்டில் ஏர்ல் ஹர்ட் காப்புரிமை கோரிய செலுலாய்டு தாள் முறை, ஒளிபுகும் தாளில் பாத்திரத்தை வரைந்து ஒரே பின்னணியின்மேல் வைத்துப் படமெடுக்க வழிசெய்தது. அதன் பின்னரே பின்னணி தனிக்கலையாக வளர்ந்தது. டிஸ்னி நிறுவனம் 1937இல் வெளியிட்ட 'தி ஓல்ட் மில்' படத்தில், பின்னணியைப் பல தளங்களாகப் பிரித்து ஆழம் காட்டும் படக்கருவி பயன்பட்டது. இன்றைய ஓவிய மென்பொருள்களில் உள்ள அடுக்குகளை அத்தளங்களின் கணினி வடிவம் எனலாம்.

கணினி வரைமுறையில் பொழுதின் இடம்

கணினியில் பின்னணி வரைவோர் வான், தொலைவு, நடுநிலம், அண்மை எனக் காட்சியை அடுக்குகளாகப் பிரிப்பர். படக்கருவி நகர்வதாகக் காட்டும்போது அண்மை அடுக்கு விரைந்தும் தொலைவு அடுக்கு மெல்லவும் நகர்த்தப்படுகின்றன. அனைத்தும் முடிந்தபின், ஒளிக்கென ஓர் அடுக்கு மேலே சேர்க்கப்படும். அதன் நிறத்தை மாற்றினால் பகற்காட்சி மாலைக் காட்சியாகிவிடும். உழைப்பைக் குறைக்கும் இவ்வசதியே சிக்கலுக்கும் காரணமாகிறது. நிறம் மாறினாலும் நிழலின் திசை, பூவின் நிலை, பறவையின் இருப்பு ஆகியன மாறுவதில்லை. பகலில் விரிந்த தாமரை செந்நிற ஒளியிலும் விரிந்தே நிற்கிறது.

தொல்காப்பிய மரபில் பொழுது மேற்பூச்சன்று. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் அமைந்த பின்னரே அவற்றிற்கேற்ப மரம், பூ, புள், விலங்கு, தொழில் முதலிய கருப்பொருள்கள் அமைகின்றன. இவ்விரண்டின் துணையோடு உரிப்பொருள் சிறக்கிறது. ஆகவே பொழுது மாறினால் கருப்பொருளின் நிலையும் மாறியாக வேண்டும்.

மருதமும் வைகறையும்

மேல்பட்டாம்பாக்கம், தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட சமவெளியில் உள்ளது. நெல்லும் கரும்பும் விளையும் இந்நிலம் மருதத்தின் இயல்பினது. மருதத்திற்குரிய சிறுபொழுது வைகறை. அது கதிரவன் தோன்றுவதற்கு முற்பட்ட நேரமாதலின், அப்போது வெயிலும் இல்லை, வெயிலால் விழும் நிழலும் இல்லை. வயல்நீர் வானின் மங்கிய நீலத்தையே காட்டும். இரவில் மலரும் ஆம்பல் இன்னும் கூம்பாதிருக்கும். தாமரை மொட்டாகவே நிற்கும். வைகறை எனப் பெயரிட்டுப் பொன்னிற வெயிலும் வரப்பில் நீண்ட நிழலும் தீட்டினால், அது வைகறை கடந்த காலைப்பொழுதின் ஓவியமே ஆகும். பரத்தையிடமிருந்து மீளும் தலைவன் வாயிலில் நிற்க, தலைவி ஊடும் துறைக்கு அந்த ஒளியற்ற ஒளியே பொருந்தும். வெயில் ஏறிய காட்சியில் ஊடலின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது.

நெய்தலும் எற்பாடும்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் கடலூர்க் கடற்கரை அமைகிறது. நெய்தலுக்குரிய எற்பாட்டைக் கதிரவன் சாயும் பிற்பகல் எனக் கொள்வது பெருவழக்கு. கடற்கரை மாலை என்றதும் கதிரவன் கடலில் மூழ்குவதாகவும் அலைமேல் ஒளிப்பாதை நீள்வதாகவும் தீட்டுவது உலகப் பொதுவழக்காகிவிட்டது. அது மேற்குக் கரைக்கு உரியது. சோழமண்டலக் கரையில் கதிரவன் நிலத்தின் பக்கம் மறைகிறான். தேவனாம்பட்டினத்துக் கரையில் நின்று கடலை நோக்குவோர்க்கு ஒளி முதுகின் பின்னிருந்து வரும். படகுகளின் நிழல் நீரை நோக்கி நீளும். கீழ்வானமே முதலில் இருளும். தலைவன் வரும் திசையை நோக்கி நிற்பவள்முன் கடல் ஒளியிழந்து கருமையடைவது இரங்கலுக்கு இயல்பாகவே துணைசெய்கிறது. கடலில் மூழ்கும் செஞ்சுடரை வரைந்தால் நிலவியலும் பிழைக்கிறது, உரிப்பொருளும் மெலிகிறது.

கருப்பொருளும் காலமும்

பண்ணுருட்டியைச் சூழ்ந்த செம்மண் மேட்டுநிலத்தில் இன்று பலாவும் முந்திரியும் அடுத்தடுத்து நிற்கின்றன. பலா சங்க இலக்கியத்தில் பயிலும் மரம். முந்திரியோ பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியரால் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. இன்றைய ஒளிப்படத்தைப் பார்த்துச் சங்ககாலக் கதைக்குப் பின்னணி வரைபவர் இரண்டையும் சேர்த்தே தீட்டிவிடக்கூடும். சீமைக்கருவேலத்திற்கும் இது பொருந்தும். ஆயத்தப் படத்தொகுப்புகளிலிருந்து மரங்களை எடுத்து ஒட்டும்போது இப்பிழை எளிதில் நேர்கிறது.

உள்ளுறை உவமம் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை இடமாகக் கொண்டு அமைவது. எனவே பின்னணியிலுள்ள ஒரு மரமோ பறவையோ வெறும் நிரப்பியன்று. அது கதை சொல்லும் உறுப்பு. 1942இல் வெளிவந்த 'பாம்பி' படத்திற்குச் சீன வம்சாவளி ஓவியர் டைரஸ் வோங், இலை தழைகளை நுணுக்கமாக நிரப்பாமல் காட்டின் உணர்வை ஒளியாலும் நிறத்தாலும் காட்டும் பாணியை வகுத்தார். சங்கப் பாடலும் நிலம் முழுவதையும் விவரிப்பதில்லை; தேர்ந்த ஒன்றிரண்டு கருப்பொருள்களால் நிலத்தை எழுப்புகிறது. இரண்டிலும் தேர்வே முதன்மை பெறுகிறது.

கணினி இத்தேர்வுக்குத் தடையன்று. கீதாஞ்சலி ராவ் இயக்கிய 'பாம்பே ரோஸ்' (2019) கணினியில் ஒவ்வொரு சட்டகமாகக் கையால் தீட்டப்பட்டது. குறை கருவியில் இல்லை. வேலையின் வரிசையில் உள்ளது.

முடிவுரை

பின்னணி வரையத் தொடங்குமுன் நான்கு வினாக்களுக்கு விடை காண்பது பயன்தரும்: காட்சியின் உரிப்பொருள் யாது? அதற்குரிய பெரும்பொழுதும் சிறுபொழுதும் எவை? அந்நிலத்தில் அப்பொழுதில் ஒளி எத்திசையிலிருந்து வரும்? அக்காலத்தில் அங்கிருந்த கருப்பொருள்கள் எவை, அவை அப்பொழுதில் எந்நிலையில் இருக்கும்? விடைகள் கிடைத்தபின் ஒளியை முதல் அடுக்காகவும் ஏனையவற்றை அதன் வழிப்பட்டனவாகவும் அமைக்கலாம். சங்க நிலத்தை நூலில் படிக்குமுன் திரையில் காணும் தலைமுறைக்கு அப்பின்னணியே முதற்பாடம். அது பிழைபடாதிருக்கத் தமிழாய்வும் ஓவியக் கல்வியும் ஒருங்கிணைய வேண்டும்.