தக்காளி யாவர்க்கும் ஒத்த உணவா?

இன்று நம் வீடுகளிற் தக்காளியின்றிச் சமையல் நிகழ்வது அரிது. ஆயினும், அது நம் நாட்டுக்குப் பழைய பயிரன்று. தென்னமெரிக்காவில் அந்தீசு மலைப்பகுதியிற் தோன்றி, மெச்சிக்கோவிற் பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கைப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவியது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு என்பனவும் அதன் குடும்பத்தினவே. விற்றமின் சீயும் செந்நிறந் தரும் இலைக்கோப்பீனும் உடைய இக்கனி பெரும்பாலோர்க்கு நல்லுணவாகும். எனினும், சிலர் இதனை அளந்தே உண்ணல் வேண்டும். அவர் யாவர், காரணம் யாது என்பதை ஈண்டு நோக்குவாம்.

முதற்கண் வைத்து எண்ணத்தக்கோர் சிறுநீரக நோயாளர். 100 கிராம் பழுத்த தக்காளியில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் பொற்றாசியம் உண்டு. நலமுள்ள சிறுநீரகம் மிகையானதை வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்துக்கு அஃது இயலாது. குருதியிற் பொற்றாசியம் வரம்பு கடந்து மிகுமாயின் தசைகள் தளரும்; இதயத் துடிப்பு ஒழுங்கு குலையும்; நின்றுவிடவுங் கூடும். முன்னறிகுறி எதுவுமின்றியே இது நேரலாம் என்பதே இதிலுள்ள பேரச்சம். இரத்த அமுக்கத்துக்காக எனலப்பிரில், லொசாட்டன் போன்ற மருந்துகளை உட்கொள்வோர்க்கும் பொற்றாசியம் உயர்தல் கூடுமாதலின், அவர்தம் சிறுநீரகமும் பழுதுற்றிருப்பின் இரட்டிப்பு விழிப்பு வேண்டும்.

சமைத்தால் இக்குறை நீங்கும் எனச் சிலர் கருதுவர். அது தவறு. பொற்றாசியம் வெப்பத்தால் அழியாத கனிப்பொருள். கொதிநீரிற் கரைந்து வெளிவருமேயன்றி மறைந்துபோகாது. காய்கறியை வேகவைத்து நீரை வடித்துவிடின் ஓரளவு குறையும். இரசத்திலோ அந்நீரையே நாம் பருகுகின்றோம். நோயாளிக்கு இலகுவான உணவென்று அன்போடு கொடுக்கும் தக்காளி இரசமே சிறுநீரகம் பழுதுற்றவர்க்குத் தீங்காகலாம் என்பதை வீட்டார் அறிந்திருத்தல் நன்று. நீர் வற்றச் சுண்டிய தக்காளிக் குழைவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் பொற்றாசியம் செறிந்திருக்கும்.

இரண்டாமவர், நெஞ்செரிவால் வருந்துவோர். தக்காளியிற் சித்திரிக்கமிலமும் மலிக்கமிலமும் உள. இரைப்பையின் அமிலம் மேலெழும் இயல்புடையோர்க்கு, சிறப்பாக இரவில் உண்டவுடன் படுப்போர்க்கு, இவை எரிவை மிகுவிக்கலாம்.

மூன்றாமவர், யூரிக்கமிலத்தால் மூட்டுவாதம் உற்றோர். 2015இல் நியூசீலாந்தின் ஒற்றாகோப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், நோயைத் தூண்டும் உணவுகளென நோயாளர் கூறியவற்றுள் கடலுணவு, மது, செவ்விறைச்சி என்பவற்றுக்கு அடுத்த இடத்தில் தக்காளி நின்றது. இஃது எல்லார்க்கும் பொருந்தாது. தம் உடலிற் கண்டறிந்தோரே விலக்குதல் தகும். தக்காளி தின்றதும் வாய் அரிப்போ உதடு வீக்கமோ உறுவோர் ஒவ்வாமை உடையராதலின், அவரும் வைத்தியரை நாடவேண்டும்.

இனி, ஒரு தவறான எண்ணத்தையும் நீக்குவாம். தக்காளி விதை சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் என்பர். கல்லுக்குக் காரணமாகும் ஒட்சலேற்று தக்காளியில் மிகச் சிறிதே. கீரைகள் பலவற்றில் அது பன்மடங்கு உண்டு. ஆகவே, இக்காரணம் பற்றி அஞ்சவேண்டியதில்லை.

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர், மிகினும் குறையினும் நோய் உண்டாதலையும், உடலோடு மாறுபடாத உணவின் நன்மையையும் அங்கு உணர்த்தினார். ஒருவர்க்கு மருந்தாவது மற்றொருவர்க்குத் தீங்காகலாம். நீரிழிவோ இரத்த அமுக்கமோ உடைய பழைய மாணவர் தம் குருதியைச் சோதிப்பித்து, வைத்தியர் சொல்லும் அளவை அறிந்து கொள்வாராக. இளமாணவர் வீணே அஞ்சித் தக்காளியை ஒதுக்காது, வீட்டிலுள்ள முதியோர்க்கு இச்செய்தியை எடுத்துரைப்பாராக. பந்தியில் நோயாளர் ஒருவர் போதும் என்று கைமறிக்கும்போது, மேலும் இட்டு வற்புறுத்தாமையும் விருந்தோம்பலின் ஒரு கூறே என்பதை நாம் மறவாதிருப்போமாக.