வேலைகள் பல, கல்பு ஒன்று

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியெல்லாம் சாரலும் கூட்டமுமாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மழையைக் கொட்ட, பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தண்ணீர் பெருகும். அந்த வியாபாரத்தை நம்பி வருடம் முழுவதும் குடும்பம் நடத்துவோர் உண்டு. பழக்கடையோ, விடுதியோ, உணவுக்கடையோ, ஒருவரே நான்கு பேர் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கும் காலம் அது. தொழுகை தவறாமல், பிறர் உரிமை கெடாமல், இத்தனையையும் சமாளிக்க வழி உண்டா? அதையே இங்கு கவனிப்போம்.

கை இரண்டு, கல்பு ஒன்று

எந்த மனிதனுக்கும் நெஞ்சினுள் இரு இதயங்களை அல்லாஹ் அமைக்கவில்லை என்ற கருத்துடன் தொடங்குகிறது, அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4-வது வசனம். மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கும் வழக்கத்தையும், வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற பிள்ளையாக்கும் வழக்கத்தையும் மறுக்க வந்த வசனம் அது. ஆயினும் அது நினைவூட்டும் உண்மை நம் தொழிலுக்கும் பொருந்துகிறது.

ரூபின்ஸ்டைன், மேயர், எவன்ஸ் என்னும் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு இசைவாகவே உள்ளது. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மனம் தாவும்போதெல்லாம் நேரம் விரயமாகிறது. வேலை சிக்கலாக இருந்தால் விரயமும் கூடுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்கிறோம் என்று எண்ணுகிறோம். உண்மையில் இங்குமங்கும் தாவிக்கொண்டிருக்கிறோம்!

பரோட்டாக் கடை சொல்லும் பாடம்

அப்படியானால் பரோட்டா மாஸ்டர் மட்டும் எப்படிப் பல வேலைகளைச் செய்கிறார்? சற்று நின்று பாருங்கள். மாவைப் பிசைந்து ஈரத்துணியால் மூடி வைக்கிறார். மாவு ஊறும் நேரத்தில் வெங்காயம் நறுக்குகிறார். உருண்டைகளைப் பிடித்து எண்ணெயில் ஊறவிட்டு, சால்னாவைக் கவனிக்கிறார். பிறகு வீசிச் சுருட்டி வைத்து, முதலில் சுருட்டியதைத் தட்டிக் கல்லில் போடுகிறார். கல்லில் கிடப்பது சிவக்கும் வரை அடுத்ததைத் தட்டுகிறார்.

ஊறுவதும் கொதிப்பதும் தாமாக நடக்கும் வேலைகள். வீசுவதும் புரட்டுவதும் கண்ணும் கையும் வேண்டிய வேலைகள். தாமாக நடக்கும் வேலையை முதலில் தொடங்கிவிட்டு, அந்த இடைவெளியில் கண் வேண்டிய வேலையை ஒவ்வொன்றாக முடிக்கிறார். கண் வேண்டிய இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் கல்லில் கிடப்பது கருகிவிடும். இதுவே அவருடைய திறமை. இதுவே நாம் கற்க வேண்டியதும்.

கவனக்குறைவும் பிறர் உரிமையும்

காதில் தொலைபேசியும் கையில் தராசுமாக நிற்கிறார் ஒரு வியாபாரி. எடை குறைந்து போகிறது. அல்லது மீதிச் சில்லறை குறைகிறது. வேண்டுமென்று செய்யவில்லையே என்று சொல்லலாம். மோசடியின் பாவம் இல்லாதிருக்கலாம். ஆனால் வாங்கியவரின் பொருள் நம்மிடம் தங்கிவிட்டதே! தெரிய வந்ததும் திருப்பிக் கொடுப்பது கடமை. அருவியில் குளிக்க வந்த வெளியூர்க்காரரை எங்கே தேடிப் பிடிப்பது? ஆகவே நிறுக்கும்போது நிறுவை, எண்ணும்போது எண்ணிக்கை என்றிருப்பதே பாதுகாப்பு.

தொழுகை நேரம்

உணவு வைக்கப்பட்ட நிலையில் தொழுகைக்கு இகாமத் சொல்லப்பட்டால் முதலில் உண்ணும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் வருகிறது. தேவையை முடித்துவிட்டு, ஓய்ந்த கல்புடன் தொழுகைக்கு வருவது மார்க்க விளக்கத்தின் அடையாளம் என்று அபூதர்தா (ரலி) அவர்கள் கருதினார்கள். கல்பு இரண்டாகப் பிரியக்கூடாது என்பதே இதன் நோக்கம். இதைச் சாக்காக வைத்து, வாடிக்கையாளர் ஓயட்டும் என்று அஸரை மஃரிப் வரை தள்ளுவது முறையாகாது. தொழுகையைப் பாழாக்குபவர் மற்றவற்றை இன்னும் அதிகமாகப் பாழாக்குவார் என்று உமர் (ரலி) அவர்கள் தம் அதிகாரிகளுக்கு எழுதியது முவத்தாவில் உள்ளது.

ஜும்ஆவின் சட்டமும் இவ்வொழுங்கையே காட்டுகிறது. அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட வேண்டும். தொழுகை முடிந்ததும் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடலாம். இரண்டுக்கும் இடமுண்டு, ஒன்றன் பின் ஒன்றாக!

நடைமுறையில் செய்ய வேண்டியவை

1. ஸுப்ஹுக்குப் பின் அன்றைய வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். மனத்தில் சுமப்பது குறையும்.

2. தாமாக நடப்பவை எவை, கண் வேண்டியவை எவை என்று பிரியுங்கள். முந்தியதைத் தொடங்கிவிட்டுப் பிந்தியதில் இறங்குங்கள்.

3. ஒரே வகை வேலைகளைச் சேர்த்து முடியுங்கள். பாக்கி கேட்டுப் பேச வேண்டியவர்களிடம் ஒரே நேரத்தில் பேசிவிடலாம்.

4. இடையில் ஒருவர் அழைத்தால், விட்ட இடத்தை ஒரு சொல்லில் குறித்துக்கொண்டு எழுங்கள்.

5. கடையில் இருவர் இருந்தால் லுஹருக்கும் அஸருக்கும் முறை வைத்துச் செல்லுங்கள். ஜும்ஆவுக்கு ஆண்கள் அனைவரும் செல்லும்படி கடையை அடையுங்கள்.

வீட்டிலும் இதே நிலைதான். உலையில் அரிசி, இடுப்பில் பிள்ளை, வாசலில் விருந்தாளி என்று நம் தாய்மார்கள் படும் பாட்டை ஆண்கள் உணர வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வேலையைப் பகிர்ந்துகொண்டால் பல வேலை என்ற பாரமே பாதி குறைந்துவிடும். பிள்ளை ஏதாவது சொல்ல வரும்போது கையிலுள்ளதைக் கீழே வைத்துவிட்டு முகம் பார்த்துக் கேளுங்கள். அதுவும் கண் வேண்டிய வேலையே.

எடுத்த வேலையை முழு மனத்துடன் முடிக்கவும், அவன் முன் நிற்கும்போது முழு மனத்துடன் நிற்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.