கணினியில் பயனர் புரொஃபைல் பழுதானால்

விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு பயனரின் அமைப்புகளும் அவரது புரொஃபைல் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘என்டியூசர்.டாட்’ என்ற கோப்பில் பதிவாகின்றன. வேலை நடுவே மின்சாரம் போவது, வன்தட்டு பழுதாவது போன்ற காரணங்களால் இது கெட்டுப்போனால், விண்டோஸ் தற்காலிக புரொஃபைல் ஒன்றைத் திறந்துவிடும். டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரியும். பழைய கோப்புகள் பெரும்பாலும் ‘சி’ டிரைவின் ‘யூசர்ஸ்’ கோப்புறையில் பத்திரமாகவே இருக்கும். ஆனால் தற்காலிக புரொஃபைலில் சேமிப்பவை வெளியேறியதும் அழிந்துவிடும். அதில் வேலை செய்யவே கூடாது.

முதலில் கணினியை ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்பைப் பிடித்து வைத்திருந்ததுதான் காரணம் என்றால் இதிலேயே சரியாகிவிடும். விண்டோஸ் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ‘புரொஃபைல்லிஸ்ட்’ பகுதியைத் திருத்தும் வழியும் உண்டு. அங்கே கை தவறினால் கணினியே திறக்காமல் போகலாம் என்பதால், பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

புதிய கணக்கு தொடங்குவதே பாதுகாப்பானது. செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியில் அதை உருவாக்கி, ஒருமுறை உள்நுழைந்து வெளியேற வேண்டும். பிறகு நிர்வாகி உரிமையுள்ள வேறொரு கணக்கிலிருந்து பழைய டாக்குமெண்ட்ஸ், படங்கள், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் கோப்புறைகளைப் புதிய கணக்கின் கோப்புறைக்கு நகலெடுக்கலாம். ‘என்டியூசர்’ என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் விட்டுவிட வேண்டும். அவற்றோடு பழுதும் வந்துவிடும். புதிய கணக்கில் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றனவா என்று பார்க்கும் வரை பழைய கணக்கை நீக்கக் கூடாது.