பிள்ளையின் விபரம் யாருக்கு, எதற்கு?

ஊர் திரும்பியதும் பாடசாலை அனுமதி, நிவாரணம், வீட்டுத்திட்டம் எனப் பல படிவங்கள் நிரப்ப வேண்டிவரும். அவற்றில் பிள்ளையின் விபரமும் கேட்கப்படும். ஆனால் பிள்ளையின் பெயரும் பாடசாலையும் தெரிந்த அந்நியர் ஒருவர், "நான் அப்பாவின் கூட்டாளி, கூட்டிவரச் சொன்னார்" என்று பிள்ளையை எளிதில் நம்பவைக்கலாம்.

எனவே விபரம் கொடுக்க முன்னர் கேளுங்கள்:

1. நீங்கள் யார்? அடையாள அட்டை இருக்கிறதா?
2. இந்த விபரம் எதற்கு?
3. இதை வேறு யார் பார்ப்பார்கள்?

சந்தேகம் இருந்தால் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கொடுங்கள். மூலப்பத்திரத்தைக் காட்ட நேர்ந்தால் கையோடு திரும்ப வாங்குங்கள்.

படம் எடுப்பவர் உங்களிடமும் பிள்ளையிடமும் அனுமதி கேட்க வேண்டும். பெற்றோரை இழந்த அல்லது காயமடைந்த பிள்ளையிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்க எவரையும் விடாதீர்கள். நீங்கள் படத்துக்கோ பேட்டிக்கோ மறுத்தாலும் நாங்கள் தரும் நிவாரணம் நிற்காது.

அந்தரங்கம் பிள்ளையின் உரிமை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.