ஒளியும் மருந்தும்

ஒரே பெயர் தாங்கிய மூலிகைகள் எல்லாம் ஒரே குணம் உடையன என்று கருதுவோர் பலர். வாழைப் பாத்தியின் நிழலிலே படர்ந்த வல்லாரையையும், வெயில் தாக்கும் வரம்போரத்து வல்லாரையையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு அஃது ஐயத்துக்குரியது என்பது விளங்கும். முன்னையது அகன்ற மெல்லிலை. பின்னையது சிறுத்துத் தடித்த இலை. உருவில் வேறுபடுவன உள்ளிருக்கும் சத்திலும் வேறுபடுமோ? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஒளியின் இருவகைத் தொழில்

பச்சையிலை, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர் உறிஞ்சிய நீரையும் கொண்டு, ஒளியின் துணையால் மாப்பொருளை ஆக்குகின்றது. இதனை ஒளித்தொகுப்பு என்பர். இஃது உணவாக்கும் தொழில். மாணவர் யாவரும் அறிந்தது. ஒளிக்கு வேறொரு தொழிலும் உண்டு. அஃது ஏவுந்தொழில். இலையிலுள்ள சில நிறப்பொருள்கள் ஒளியின் அளவையும் நிறத்தையும் உணர்ந்து, இன்ன நொதியத்தை ஆக்குக, இன்னதை நிறுத்துக என்று கலங்களை ஏவுகின்றன. 1959 இல் அமெரிக்காவிலே, பெல்ற்சுவில் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுகாட்டிய பைற்றோகுரோம் அவற்றுள் ஒன்று. சிவப்பொளி அதனைத் தொழிற்படுத்தும். சிவப்பின் எல்லைக்கு அப்பாலுள்ள சேய்மைச் சிவப்பொளி அதனை மீண்டும் அடக்கும்.

மரநிழல் என்பது ஒளி குறைந்த இடம் மாத்திரமன்று. ஒளி மாறிய இடமுமாகும். மேலுள்ள இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு, சேய்மைச் சிவப்பைக் கீழே விடுகின்றன. ஆகவே மாமரத்தின் கீழ் நிற்கும் செடி வேறோர் ஏவலைப் பெறுகின்றது.

வெயிலில் மிகுவன, நிழலில் மிகுவன

நாம் மருந்தெனக் கொள்ளும் சத்துக்களுட் பல, செடி தன்னைக் காத்தற்பொருட்டு ஆக்கியவை. புறவூதாக் கதிர் தாக்கும்போது பல செடிகள், அக்கதிரை உறிஞ்சும் பிளவனொயிட்டுகளை இலையின் மேற்றோலிலே மிகுவிக்கின்றன. திருநீற்றுப்பச்சையிலும் இத்தகையதொரு செய்தி அறியப்பட்டுள்ளது. கண்ணாடி, புறவூதாக் கதிரின் ஒரு பகுதியைத் தடுக்கும். அதனால் கண்ணாடி மனையில் வளரும் இச்செடியின் எண்ணெய்ச் சுரப்பிகள் செவ்வனே நிரம்புவதில்லை. விளக்கினால் அக்கதிரை ஊட்டிய வழி அவை நிரம்புகின்றன. மணந்தரும் எண்ணெயே அதன் மருந்து என்பதை நினைக.

அங்ஙனமாயின் வெயில் மிகுந்தால் எல்லாச் சத்தும் மிகுமோ? மிகாது. பண்டு மருந்தாகப் பருகப்பட்ட தேயிலையே இதற்குச் சான்று. யப்பானிலே ஊயிப் பகுதியார், உயர்ந்த தேயிலைக்குரிய செடிகளைக் கொய்வதற்கு ஏறத்தாழ மூன்று கிழமை முன்னரே பந்தலிட்டு மறைப்பர். மறைத்த இலையில் இன்சுவை தரும் தியனைன் மிகுந்து நிற்கும். துவர்ப்பைத் தரும் கற்றெக்கின்கள் குறையும். வெயிலில் இது மறுதலையாகும். எந்தச் சத்து வேண்டும் என்பதைத் தெளிந்த பின்னரே எந்த ஒளி வேண்டும் என்று வினவுதல் தகும்.

பட்டிப்பூவின் வரலாறு

நம் முற்றங்களிலும் கோயில் வீதிகளிலும் மலரும் பட்டிப்பூ, நித்தியகல்யாணி எனவும் பெயர் பெறும். இதன் தாயகம் மடகஸ்கார்த் தீவு. யமேக்காவிலே இதன் கசாயத்தை நீரிழிவுக்குக் குடித்துவந்தனர். 1952 இல் அங்கிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட இலைகளை மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்து றொபேட் நோபிள் ஆராய்ந்தார். எலிகளின் குருதியிலே சர்க்கரை குறைந்திலது, வெண்கலங்களே குறைந்தன. வெண்கலம் கட்டின்றிப் பெருகும் நோயன்றோ குருதிப் புற்றுநோய்! நோபிளும் சாள்ஸ் பியரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்ரீன் 1958 இல் வெளிப்பட்டது. அதன் உடன்பிறப்பாகிய வின்கிறிஸ்ரீன் 1963 இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. சிறுவரைப் பற்றும் குருதிப் புற்றுநோய்க்கு இன்றும் அது கொடுக்கப்பட்டுவருகின்றது.

இம்மருந்து இலையில் இருப்பது மிகச் சிறிது. ஒரு கிராம் பெறுதற்கு நூற்றுக்கணக்கான கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். கதராந்தின், வின்டோலின் என்னும் இரண்டு அற்கலோயிட்டுகள் இணைந்தே வின்பிளாஸ்ரீன் உண்டாகின்றது. இருளிலே முளைத்த பட்டிப்பூ நாற்றில் வின்டோலின் நிரம்புவதில்லை. அதற்கு முந்திய தபர்சோனின் என்னும் பொருளே தங்கி நிற்கும். ஒளி பட்டதும் தபர்சோனின் வின்டோலினாக மாறத் தொடங்கும். இறுதிப் படிகளை நடாத்தும் நொதியங்கள் ஒளியால் வீறுபெறுதலே காரணம். அவ்வேவலிற் பைற்றோகுரோமுக்கும் பங்குண்டு. இலையாக வளராமல் தொட்டியில் வளர்க்கப்பெற்ற கலங்கள் வின்டோலினை ஆக்க மாட்டாமையும் ஆராய்ச்சியாளரை நெடுங்காலம் இடர்ப்படுத்தியது. ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் துளி மருந்துக்கு இளவெயிலும் ஒரு மூலப்பொருள் என்க.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. வெண்கலத்தைக் குறைக்கும் பொருள் நஞ்சுமாகும். இவ்வரலாற்றைப் படித்து எவரும் பட்டிப்பூவைக் கசாயமிட்டு அருந்தற்க. இலைக்கு இலை சத்தின் அளவு மாறும் என்பதே நாம் கண்ட உண்மை; அளவறியா மருந்து நோயினும் கொடிது.

முடிவுரை

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்து, மரம் முதலாயினவற்றைக் கருப்பொருள் என அவற்றின்பின் வைத்தார். அவர் கூறியது அகத்திணை இலக்கணம், மருத்துவம் அன்று. ஆயினும் இடமும் காலமும் அறியாது செடியை அறிதல் இயலாது என்னும் முறைவைப்பு நமக்கும் பொருந்துவதே.

மாணவர்காள்! கல்லூரித் தோட்டத்திலே இரு பாத்தி கட்டுங்கள். ஒன்றிற்குக் கிடுகாற் பந்தலிடுங்கள். மற்றதைத் திறந்து விடுங்கள். ஒரே விதை, ஒரே மண், ஒரே அளவு நீர் கொடுத்துத் திருநீற்றுப்பச்சையை வளர்த்து, இலையின் அகலத்தையும் நிறத்தையும் மணத்தையும் கிழமைதோறும் குறித்து வாருங்கள். பழைய மாணவப் பெரியோரும் தத்தம் வளவில் இதனைச் செய்து பார்க்கலாம். கண்டதை எழுதி வைக்கும் பழக்கமே அறிவியலுக்கு முதற்படி. நம் கல்லூரி அன்னை அப்படியில் நம்மை ஏற்றிவிட்டாள். மேலே ஏறுதல் நம் கடனாகும்.