துள்ளும் வண்டிக்கு இன்னொரு பட்டை மருந்தல்ல

குருசுக்குப்பம்,
புதுச்சேரி.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளட்சை விட்டால் வண்டியின் பின்பக்கம் நாலைந்து தரம் துள்ளுகிறது, அடியில் 'டக்'கென்று அடிக்கிறது, வெறும் வண்டியாகத் திரும்பி வரும்போது இடுப்பு விட்டுப்போகிறது என்றாய். பின் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் செருகினால் எல்லாம் அடங்கிவிடும் என்று யாரோ சொல்லி, முன்பணமும் கேட்டிருக்கிறார்கள். பணத்தைக் கொடுக்குமுன் இதை ஒருமுறை முழுதாகப் படி.

பின் ஸ்பிரிங் பட்டைக்கு வேலை ஒன்று என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டு. சுமையைத் தாங்குவது ஒன்று. பின் ஆக்சில் ஹவுசிங்கை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துவது இன்னொன்று. இப்படி இரண்டையும் பட்டையின் தலையிலேயே கட்டுகிற அமைப்புக்கு ஹாட்ச்கிஸ் டிரைவ் என்று பெயர். பாரிசுக்குப் பக்கத்தில் சேன் தெனியில் இருந்த பிரெஞ்சு கம்பெனியின் பெயர் அது. முதலில் பீரங்கி செய்தவர்கள், 1903 வாக்கில் காருக்கு வந்தார்கள். நூறு வருஷம் கடந்தும் நம் ஊர் பிக்அப் பெரும்பாலும் அதே அமைப்பில்தான் ஓடுகிறது. மலிவு, உறுதி, எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். அந்த இரண்டாவது வேலையில்தான் உன் வண்டி இப்போது திணறுகிறது.

சக்கரம் முன்னே உருள வேண்டுமானால் ஹவுசிங் பின்னே சுழலப் பார்க்கும். கயிற்றை இழுக்கிறவனின் கால் மணலில் பின்னே உதைப்பது மாதிரி. எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்று வை. முதல் கியரில் அது நாலு மடங்கு, கிரவுனில் இன்னொரு நாலு மடங்கு. உராய்வில் போவதைத் தள்ளினாலும் 3,000-ஐ ஒட்டி நிற்கும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 300 கிலோ தொங்கினால் எவ்வளவு முறுக்கு வருமோ அவ்வளவு. அதை வாங்கிக்கொண்டு ஹவுசிங்கின் மூக்கு மேலே எழும்புகிறது. நேராக இருக்க வேண்டிய பட்டை பாம்பு மாதிரி நெளிகிறது. டயர் ஒரு கணம் வழுக்கியதும் நெளிந்த பட்டை படாரென்று நிமிர்கிறது, மூக்கு கீழே இறங்குகிறது, டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி நெளிகிறது. நீ சொன்ன நாலைந்து துள்ளல் இதுதான். ஒவ்வொரு துள்ளலும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸில் ஒரு சம்மட்டி அடி. ரிவர்ஸில் எடுக்கும்போது இதே முறுக்கு தலைகீழாக வரும். கடற்கரை மணலில் ரிவர்ஸில் முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பதை இன்றோடு நிறுத்து.

கூடுதல் பட்டை போட்டால் நெளிவு குறையுமா என்றால், குறையும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீ குறை சொல்வது இரண்டு விஷயத்தை. துள்ளலை அடக்கப் போட்ட பட்டை, சுமை இல்லாத நேரத்தில் வண்டியைக் கட்டாந்தரை ஆக்கிவிடும். உன் வண்டி பாதி நாள் காலிப் பெட்டிகளோடுதான் வருகிறது. அந்தப் பாதி நாளும் இடுப்பு போகும், ஷாக் போகும், கேபின் போல்ட்டெல்லாம் தளரும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். எனக்குப் பட்டறை இருந்த காலத்தில் ஒரு மீன் வண்டி இதே குறையோடு வந்தது. நான் கீழே படுத்துப் பார்க்கவே இல்லை. இரண்டு பட்டை சேர்த்து, பழைய யூ போல்ட்டையே திரும்ப இறுக்கி அனுப்பிவிட்டேன். துள்ளல் குறைந்தது என்று வண்டிக்காரருக்குச் சந்தோஷம். மூன்று மாதம் கழித்து மரக்காணம் தாண்டி, ஒரு பக்கம் சென்டர் போல்ட் அறுந்து ஹவுசிங் பின்னே நகர்ந்துவிட்டது. வண்டி சாலையை விட்டு இறங்கி நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைய மீன் முழுதும் வெயிலில் போனது. பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: முன் கண்ணில் இருந்த புஷ் தேய்ந்து விரல் போகும் அளவுக்கு ஆட்டம், யூ போல்ட் இழுபட்டு மரை நீண்டிருந்தது. நோய் அங்கே இருக்க, நான் வேறெங்கோ மருந்து போட்டிருந்தேன். அந்த மீனை நம்பிக் கூடையோடு காத்திருந்த பெண்களை நினைத்தால் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆகவே முதலில் பார். சமதரையில் வண்டியை நிறுத்தி, அடியை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்தபின் டார்ச் அடி. பட்டைகளுக்கு நடுவே செம்பொடி கோடாக இறங்கியிருந்தால் அங்கே உரசல் இருக்கிறது. உப்புத் தண்ணீர் சொட்டும் மீன் வண்டியில் இது சீக்கிரம் வரும். சென்டர் போல்ட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார். பட்டை அங்கேதான் அதிகம் உடையும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணு. முன்பாதிக் கிளிப் விழுந்திருந்தால் பட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து நெளியும். துள்ளலுக்கு அது ஒன்றே போதும். பிறகு டேப் எடுத்து முன் கண் போல்ட்டிலிருந்து சக்கர நடு வரைக்கும் இரண்டு பக்கமும் அள. இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்கவே எடுக்காதே.

இன்னொன்றும் செய். உன் தம்பியைப் பக்கவாட்டில், சக்கரத்துக்கு எட்டத் தள்ளி நிற்கச் சொல்லி, நீ மெதுவாகக் கிளட்சை விடும்போது ஹவுசிங்கை போனில் படம் பிடிக்கச் சொல். மூக்கு எவ்வளவு எழும்புகிறது, எந்தப் பக்கப் பட்டை அதிகம் நெளிகிறது என்று கண்ணுக்கே தெரியும். வண்டிக்கு அடியில் யாரையும் விடாதே.

வேலை என்று வந்தால் இந்த வரிசையில் போ. புஷ்ஷும் சாக்கிள் பின்னும் முதலில். ரப்பர் புஷ் என்றால் ஜாக்கியில் தொங்கும்போது கண் போல்ட்டை இறுக்கக் கூடாது. வண்டி தன் சக்கரத்தில் இறங்கி நின்றபிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும், வண்டியும் விறைப்பாக ஓடும். யூ போல்ட் எப்போதும் புதிது. கழற்றியதைத் திரும்ப மாட்டக் கூடாது. கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சில் இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கு. இந்த இரண்டாவது இறுக்கைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பின்பக்கம் உயரட்டும் என்று ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்திருந்தால் கழற்றி எறி. அந்தக் கட்டை முறுக்குக்கு நெம்புகோல் பிடித்துக் கொடுக்கிறது.

பட்டை தொய்ந்திருந்தால், கீழே இருக்கும் தடித்த லோடு பட்டை காலி வண்டியிலும் முட்டிக்கொண்டே இருக்கும். பாரம் ஏறினால் மட்டும் தொட வேண்டியது அது. காலியில் உன் இடுப்பு போவதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். அப்படியானால் செட்டையே மாற்று, அல்லது தெரிந்தவரிடம் குளிர்ந்த நிலையிலேயே அடித்து வளைவு ஏற்று. கேஸ் பர்னரால் சிவக்கக் காய்ச்சி வளைப்பவனிடம் கொடுக்காதே. டெம்பர் போய்விடும், வளைவு சில வாரம்கூட நிற்காது, பிறகு உடையும்.

இவ்வளவும் சரி செய்தும் துள்ளினால், அப்போது யோசிக்கலாம். முன் கண் ஃபிரேமோடு நேராக மாட்டியிருக்கிறது, பின் கண் சாக்கிளில் ஆடுகிறது. அதனால் முறுக்கைத் தாங்க வேண்டியது முன்பாதி. 1960-களில் அமெரிக்காவில் கிரைஸ்லர்காரர்கள் பந்தயக் கார்களுக்கு முன்பாதியைக் குட்டையாகவும் விறைப்பாகவும், பின்பாதியை இளக்கமாகவும் வைத்து இதை அடக்கினார்கள். ஹவுசிங்கிலிருந்து ஃபிரேமுக்குத் தனிக் கம்பி கொடுப்பது இன்னொரு வழி. சுமையைப் பட்டை பார்த்துக்கொள்ளும், முறுக்கைக் கம்பி பார்த்துக்கொள்ளும். பட்டையை இளக்கமாகவே வைக்கலாம். வேலையைப் பிரித்துக் கொடுப்பதால் எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் அந்தக் கம்பியின் முன்நுனியில் சாக்கிள் மாதிரி ஆடும் இணைப்பு இருக்க வேண்டும். இரண்டு முனையையும் அசையாமல் பூட்டினால் பட்டை ஏறி இறங்கும் வளைவோடு கம்பி சண்டை போட்டு, வெல்டிங்கையோ ஃபிரேமையோ பிய்த்துவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றுவதைத் தடுக்கிறது. அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் ஃபிரேமில் வெல்டிங் வைக்காதே.

கடைசியில் சுமைக்கு வருகிறேன். நீ கோபித்துக்கொண்டாலும் சொல்லியே ஆக வேண்டும். 'எழுநூறு கிலோ மீன்தான் மாமா' என்கிறாய். மீனுக்குச் சரிசமமாக ஐஸ், பெட்டி எடை எல்லாம் சேர்த்தால் ஒன்றரை டன்னைத் தொடும். கூடுதல் பட்டை போட்டதால் ஆர்.சி.யில் எழுதிய எடை கூடிவிடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பணத்தை விடு; பிரேக் பிடிக்கிற தூரமும் கூடுகிறது. கனமான பெட்டிகளைக் கேபின் பக்கமாக அடுக்கு, பின்கதவோரம் குவிக்காதே. டயர் காற்று கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டைப்படி. காலிக்கும் சுமைக்கும் தனித்தனி அளவு இருந்தால் பார்த்துப் போடு. பெட்டிகளோடு பெண்களைப் பின்னால் ஏற்றாதே. மீன் விற்கப் போகிற அக்காமார்கள் கேட்கத்தான் செய்வார்கள், மறுப்பது கஷ்டம். உன் அம்மாவும் ஒரு காலத்தில் அப்படிப் போனவள்தான். ஆனாலும் கேபினில் இடம் இருந்தால் மட்டும் ஏற்று.

தினமும் வேலை முடிந்ததும் பட்டையில் நல்ல தண்ணீர் அடி. கழிவு எண்ணெய் பூசாதே, ரப்பர் ஊறிப்போகும்.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்குகிறது. 61 நாள் துறைமுகத்தில் லோடு குறையும். வண்டியைப் பிரிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. அதுவரை முதல் கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டு, அரைச் சுமையோடு ஓட்டு. 16-ஆம் தேதி காலையில் வண்டியைக் கழுவிக் காலியாக இங்கே கொண்டு வா. பட்டேல் சாலை தாண்டி நம் தெருவுக்குள் திரும்பும்போது பள்ளம் பார்த்து வா. டேப்பும் டார்ச்சும் நான் எடுத்து வைக்கிறேன். புது யூ போல்ட் நாலும், சென்டர் போல்ட் இரண்டும், புஷ் செட்டும் மட்டும் நீ வாங்கி வா. அந்த முன்பணத்தை யாருக்கும் கொடுக்காதே.

உன் மாமா